பாதி பாதி போடாதே

என் கணவர் எலிசியோ என்னிடம் கடைசியாகக் கேட்டது ஒரு மாமரத்தைப் பற்றி.

சமையலறைப் படியில் உட்கார்ந்து மீனுக்குச் செதில் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் என் நுழைவுத் தேர்வுப் பயிற்சி வினாத்தாள். காற்றில் பறக்காமல் இருக்க அதன் மேல் ஒரு மீனை வைத்திருந்தார்.

"மரத்தோட வேர் யார் நிலத்துல இருக்கோ, பழம் அவருக்குத்தான். விதி அவ்வளவுதான். கிளை பக்கத்து வீட்டு முற்றத்துல நீட்டிக்கிட்டு இருக்கு. அங்க விழுந்த பழம் யாருக்கு?"

பாத்திரம் கழுவிக்கொண்டே, "ஆளுக்குப் பாதி" என்றேன்.

"மறுபடியும் பாதி பாதி! பெனி, உன்னை யாரும் சமாதானம் பண்ணி வைக்கச் சொல்லலை. விதி என்ன சொல்லுதுன்னு கேட்டேன்."

"பக்கத்து வீட்டுக்காரன் தினம் இலை கூட்டறான் இல்லையா? அவனுக்கு ஒண்ணும் கிடையாதா?"

"இலை கூட்டறது கேள்வியில எங்க இருக்கு? நீயா சேர்த்துக்கிட்டே." கையைக் கழுவிவிட்டு ஐஸ் பெட்டியைத் தோளில் ஏற்றினார். "நான் போய் ஐஸ் எடுத்துட்டு வந்துடறேன். அதுக்குள்ள அடுத்ததைப் போட்டு வை. பாதி பாதின்னு போட்டே, இந்த மீன்ல உனக்குப் பாதி கிடையாது."

ஐஸ் ஆலை வாசலில் விழுந்தார். இதயம் என்றார் மருத்துவர். அன்று எங்கள் வீட்டுக்குள் வந்த கூட்டத்தில், அந்த மீனை யார் எடுத்துப் போனார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அதன் பிறகு நடந்தவற்றை இந்தத் தொடரில் கடந்த வாரங்களில் சொல்லிவிட்டேன். சீட்டாட்டமும் காப்பியுமாக விடிய விடிய ஆட்கள் விழித்திருந்த வீடு, ஒன்பது நாள் ஜெபம், கருப்புத் துணி. இப்போது நாற்பதாம் நாளுக்கு வந்திருக்கிறோம். ஆன்மா வீட்டை விட்டுப் புறப்படும் நாள் என்று எங்கள் பக்கம் அன்று ஜெபமும் சாப்பாடும் உண்டு. சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வும் அதே ஞாயிற்றுக்கிழமை வந்து நின்றது.

புதிதாகச் சேர்ந்துகொள்பவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் கிம்பால் நகராட்சியில் பிறப்பு இறப்புப் பதிவு எழுதுகிறவள். மாலையில் எங்கள் பாரங்காயின், அதாவது எங்கள் ஊர் வட்டத்தின், சமரசக் குழுவில் உட்காருவேன். ஆடு மேய்ந்தது, வேலி நகர்ந்தது, வாய்ச்சண்டை, எதுவானாலும் நீதிமன்றத்துக்குப் போகும் முன் எங்களிடம்தான் வரும். யார் பக்கம் தப்பு என்று நாங்கள் சொல்வதில்லை. இரண்டு பேரும் முகம் பார்த்துப் பேசும்படி செய்து அனுப்புவோம். அத்தனை வருடப் பழக்கம்தான் சென்ற ஆண்டு நுழைவுத் தேர்வில் என்னைக் கவிழ்த்தது. நான்கு விடைகளில் எது இரண்டு பக்கத்தையும் சமாதானப்படுத்துகிறதோ, அதற்கே கை போனது. மிகச் சொற்ப மதிப்பெண்ணில் தவறவிட்டேன்.

இலோயிலோ நகரத்தில் அந்தக் கல்லூரியின் மாலை வகுப்பு இந்த ஆண்டோடு சரி. அடுத்த ஆண்டு முதல் பகல் வகுப்பு மட்டும் என்று அறிவித்துவிட்டார்கள். பகலில் நான் பதிவேட்டின் முன்னால் இருந்தாக வேண்டும். ஆகவே இதுதான் கடைசி வாய்ப்பு.

பொழுது விடியும் முன்பே மனாங் லெத்தி வந்துவிட்டார். எலிசியோவின் அக்கா. மனாங் என்றாலே எங்கள் பேச்சில் அக்காதான். அவர் வருவதற்கு முன் அவருடைய அண்டா வரும். அண்டாவுக்குப் பின்னால் குரல் வரும்.

"நாப்பதாம் நாள் என் தம்பி கிளம்பறான். அவனுக்கு முன்னாடி நீ கிளம்பறியா?"

"ஜெபம் சாயங்காலம்தானே மனாங். அதுக்கு ரொம்ப முன்னாடியே வந்துடுவேன்."

"அதுவரைக்கும் அடுப்பை யாரு பார்ப்பா?"

"நீங்க இருக்கறப்ப நான் கரண்டியைத் தொட்டா விடுவீங்களா?"

"விட மாட்டேன். அது வேற விஷயம்." கோழியை அண்டாவில் போட்ட வேகத்தில் என் மேல் தண்ணீர் தெறித்தது. "ஊர் என்ன பேசும்? புருஷனோட நாப்பதாம் நாள்ல பொண்டாட்டி பேனா தூக்கிட்டுப் போனாள்னு பேசும்."

"பேனா இல்லை மனாங், பென்சில்."

முறைத்தார். பிறகு சட்டைக்குள் கையை விட்டு, கைக்குட்டையில் சுற்றிய ஒரு கட்டை எடுத்து என் உள்ளங்கையில் திணித்தார். பென்சில்கள்.

"நேத்து பூசைக்கு அப்புறம் ஃபாதர்கிட்ட கொடுத்து ஆசீர்வாதம் வாங்கினேன். தீர்த்தத்தைக் கொஞ்சம் தாராளமாத் தெளிச்சுட்டார். ஈரமா இருக்கும். முனை உடைஞ்சா சாத்தானைத் திட்டு, என்னைத் திட்டாதே."

"அப்ப நான் போறதுல உங்களுக்குச் சம்மதமா?"

"சம்மதம்னு யாரு சொன்னா? போறதுதான் போறே, தோத்துட்டு வந்து என் அண்டா முன்னாடி அழாதே. உப்பு கூடிடும்."

நகரத்துக்குப் போகும் ஜீப்னி வண்டியில் கடல் பக்கமாக இடம் கிடைத்தது. மற்றவர்கள் ஜெபமாலை உருட்டுகிற மாதிரி நான் என் தப்புகளை உருட்டிக்கொண்டிருந்தேன். சென்ற ஆண்டுத் தப்புகள் எனக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி. ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிட முடியும். ஒரு கடினமான கேள்வியோடு மல்லுக்கட்டி நின்றுவிட்டுக் கடைசிப் பக்கத்தைத் தொடாமலே விட்டது ஒன்று. தப்பு விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள் என்று தெரிந்தும், கௌரவம் பார்த்து வட்டங்களை வெறுமனே விட்டது இன்னொன்று. ஒரு கேள்வியைத் தாண்டிப் போனபோது விடைத்தாளில் வரிசையைத் தாண்ட மறந்து, அடுத்து வந்த விடைகள் எல்லாம் ஓர் அடி மேலே உட்கார்ந்தது மற்றொன்று. சரியாகப் போட்டதை மணி அடிக்கும் நேரத்தில் பதறி அழித்தது. இவர்கள் எல்லோருக்கும் பெரியவர் அந்தப் பாதி பாதிக்காரர். அவரை மட்டும் நான் வீட்டு வாசலிலேயே நிறுத்திவிட்டு வந்ததாக நினைத்தேன்.

இந்தத் தடவை தேறிவிடுவேன் என்று எனக்குத் தோன்றியது. துக்கத்தில் இருப்பவளுக்கு அப்படித் தோன்றலாமா என்று தெரியவில்லை. ஆனால் தோன்றியது. மறைக்க மாட்டேன்.

மகள் ஆர்லின் நகரத்தில் தொலைபேசிச் சேவை நிறுவனத்தில் இரவுப் பணி செய்கிறாள். பணி முடிந்து நேராகக் கல்லூரி வாசலுக்கு வந்து எனக்குத் துணையாக இருப்பதாகச் சொல்லியிருந்தாள். வாசலில் அவளைக் காணவில்லை. வேலை முடியத் தாமதம் போல என்று நினைத்து உள்ளே போனேன்.

குடும்பப் பெயரின் அகர வரிசையில் இருக்கை. எங்கள் கிம்பாலில் ஏறக்குறைய எல்லாக் குடும்பப் பெயரும் ஜி எழுத்தில்தான் தொடங்கும். ஸ்பானியர் காலத்தில் ஊர் ஊராகப் பெயர் பங்கிட்டபோது எங்களுக்கு வந்த எழுத்து அது. ஆகவே கதவைத் திறந்ததும் தேர்வு அறையா, எங்கள் ஊர்த் திருவிழாப் பந்தலா என்று சந்தேகம் வந்தது. மருந்துக்கடைக்காரர் மகன், பள்ளிக்கூட ஆசிரியை, போக்குவரத்துக் காவலர், எல்லோரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

"மனாங் பெனி! நீங்களும் வக்கீலாயிட்டா எங்களை யாரு சமாதானம் பண்ணி வைப்பா?" என்றார் போக்குவரத்துக் காவலர் ரொமெல். வேலித் தகராறில் இரண்டு முறை என் முன்னால் உட்கார்ந்தவர். இளையவர்களை நாங்கள் தோதோ என்று கூப்பிடுவோம்.

"இனிமே சமாதானம் கிடையாது தோதோ. நேரா கேஸ்தான். அந்த வேலியை நகர்த்தி வெச்சுடு."

அறை சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே என் இருக்கையைத் தேடினேன். எனக்கு முன் நாற்காலியில் ஒரு பெண் மேசைப் பலகை மேல் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். கழுத்தில் நிறுவனத்தின் நீல அடையாள அட்டைக் கயிறு.

"ஆர்லின்?"

நிமிர்ந்தாள். கன்னத்தில் பலகையின் கோடு பதிந்திருந்தது.

"வந்துட்டியாம்மா. சாப்பிட்டியா?"

"நீ இங்க என்ன பண்றே?"

"பரீட்சை எழுதறேன்."

"உனக்குச் சட்டம்னாலே ஆகாதே!"

"உனக்கு ஆகுமே." குரலைத் தாழ்த்தினாள். "அப்பா இறந்த வாரமே பேர் கொடுத்துட்டேன். ஒரே குடும்பப் பேரு, அப்புறம் ஏ, பி. ஆர்லின், பெனில்டா. நமக்கு நடுவுல யாரும் வர முடியாது. என் தாளை நான் வலது ஓரமா வெச்சுக்கறேன். உன் கண்ணு நல்லாத்தானே தெரியுது?"

கல்லூரியில் பரிசுகள் வாங்கியவள் அவள். வேகமாகப் படிப்பாள், வேகமாக விடை சொல்லுவாள். நாற்பது நாளாக அவள் அழுது நான் பார்த்தது குறைவு. எங்கே கொண்டுபோய் வைத்தாள் அத்தனையையும் என்று யோசித்திருக்கிறேன். இதில்தான் வைத்திருக்கிறாள்.

"தாளை நடுவுல வை."

"இந்தத் தடவை நீ தோக்கக் கூடாதும்மா."

"ஆர்லின், நடுவுல வைன்னு சொன்னேன்."

கண்காணிப்பாளர் அம்மையார் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். இனி யார் வாய் திறந்தாலும் வெளியே அனுப்பப்படுவார்கள் என்று அறிவித்தார். வினாத்தாள்கள் வந்தன. ஆர்லினின் விடைத்தாள் பலகையின் வலது ஓரத்துக்கு நகர்ந்து நின்றது, என் கண்ணுக்கு நேராக.

எழுந்து சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் வெளியே போவாள், ஏன் என்று விசாரித்தால் நானும் போவேன், மாலை வகுப்பும் போகும். அவள் தாளைப் பார்க்காமல் இருப்பது மட்டும் என் கையில் இருந்தது. இடது கையை நெற்றியில் வைத்துக்கொண்டேன். நடு மத்தியானத்தில் படகு வருகிறதா என்று பார்ப்பவர்கள் வைப்பார்களே, அப்படி. அதன் நிழலுக்குள் என் தாளும் என் பென்சிலும் மட்டும் இருந்தன.

பிறகு கேள்விகள் என்னை எடுத்துக்கொண்டன. அதை நான் பெருமையாகவே சொல்வேன். கேட்டதை மட்டும் படித்தேன். 'தவிர' என்ற சொல் வந்த இடமெல்லாம் கீழே கோடு போட்டேன். மல்லுக்கு இழுத்த கேள்வியை, பிறகு வருகிறேன் என்று சொல்லி அங்கேயே விட்டுவிட்டுப் போனேன். விடைத்தாளின் வரிசைக்குக் கீழே வினாத்தாளின் விளிம்பை முட்டுக் கொடுத்து வைத்ததால் ஒரு வட்டமும் இடம் மாறவில்லை.

வலைக் கேள்வி மூன்றாம் பக்கத்தில் இருந்தது.

'ஒரு தீவின் விதி: பிடிக்கப்படும் மீன் முழுவதும் வலையின் உரிமையாளருக்கே சேரும். வலை இரவல் கொடுக்கப்பட்டாலும் இதுவே விதி. கார்லோ தன் வலையை டான்டேவுக்கு இரவல் கொடுத்தான். டான்டேவும் அவன் மகனும் இரவு முழுவதும் கடலில் இருந்தார்கள். கார்லோ வீட்டில் தூங்கினான். மீன் யாருக்கு?' உழைத்த டான்டேவுக்கு என்றது முதல் விடை. கார்லோவுக்கு என்றது இரண்டாவது. இருவரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்றது மூன்றாவது. சொல்ல முடியாது என்றது நான்காவது.

எங்கள் ஊர்க் கடற்கரையில் பிறந்த எவனுக்கும் இதில் சந்தேகமே வராது. வலைக்கு ஒரு பங்கு, படகுக்கு ஒரு பங்கு, கடலில் இறங்கியவர்களுக்கு ஒரு பங்கு. எங்கள் கரையில் மீன் இறங்குவதே அப்படித்தான். எலிசியோ நின்று பிரித்துக் கொடுத்ததை ஆயிரம் காலை பார்த்திருக்கிறேன். அந்த டான்டேவின் மகன் எனக்குக் கண்ணில் தெரிந்தான். குளிரில் உதடு வெளுத்து, கண் எரிய வலை இழுக்கும் பையன். அவனுக்கு ஒன்றும் இல்லையா?

பென்சில் மூன்றாம் வட்டத்தின் மேல் போய் நின்றது.

வாசலில் நிறுத்திவிட்டு வந்ததாக நினைத்த பாதி பாதிக்காரர் ஜன்னல் வழியாக உள்ளே வந்திருந்தார். கிம்பாலில் எப்படிப் பங்கிடுவார்கள் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. அந்தத் தீவின் விதி ஒரே வரி. அந்தப் பையனின் குளிரை அதில் சேர்த்தது நான். இரண்டாம் வட்டத்தை அழுத்தி நிரப்பினேன். அழுத்திய அழுத்தில் ஃபாதரின் தீர்த்தம் குடித்த பென்சில் முனை பட்டென்று முறிந்தது.

கைக்குட்டையில் இருந்த அடுத்த பென்சிலை எடுக்க நெற்றிக் கையை இறக்கினேன். பார்வை முன் நாற்காலிக்குப் போயிற்று. ஒரு கணம்தான். அதே எண். ஆர்லினின் தாளில் நிரம்பியிருந்தது மூன்றாம் வட்டம்.

கையை மீண்டும் நெற்றிக்குக் கொண்டுபோனேன். பரிசு வாங்கியவள் அவள். நான் ஒருமுறை தோற்றவள். புது பென்சில் அழிப்பான் பக்கமாகத் திரும்பியது. விதியை மறுபடியும் படித்தேன். மீன் முழுவதும். இரவல் கொடுக்கப்பட்டாலும். விதி மாறவில்லை, மகள் வேறு போட்டாள் என்பதற்காக அது மாறப் போவதும் இல்லை. அடுத்த கேள்விக்குப் போனேன்.

நேரம் முடியும் முன், தெரியாத கேள்விகளின் வட்டங்களை எல்லாம் கூச்சமில்லாமல் நிரப்பினேன். கௌரவத்துக்கு ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை.

கடைசியில் கட்டுரை. 'உங்களுக்கு மிக வேண்டியவர் ஒருவர் விதியை மீறுகிறார். நீங்கள் என்ன செய்வீர்கள்? உண்மையில் நடந்த ஒன்றை அடிப்படையாகக் கொண்டு எழுதுக.' நான் மனாங் லெத்தியின் பன்றி பக்கத்துத் தோட்டத்தில் புகுந்த வழக்கை எழுதினேன். உறவுக்காரர் வழக்கு என்பதால் அன்று குழுவில் உட்காராமல் நான் எழுந்து வெளியே போனதை எழுதினேன். முடித்து நிமிர்ந்தபோது முன் நாற்காலியில் ஓர் அதிசயம். அதுவரை வேண்டா வெறுப்பாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தவள் பலகை மேல் கவிழ்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். மணி அடித்த பிறகும் எழுதினாள். கண்காணிப்பாளர் தாளைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

வெளியே நடைபாதையில் கிம்பால் கூடி நின்றது.

"வலைக் கேள்விக்கு என்ன போட்டே?"

"பங்குதான். வேற என்ன?"

"நானும் பங்குதான். அந்தக் கேள்வி நமக்குன்னே வெச்ச மாதிரி இருந்துச்சு!"

"கண்ணை மூடிக்கிட்டுப் போட்டேன்" என்றார் ரொமெல். "மனாங் பெனி, நீங்க? நீங்க கண்டிப்பாப் பங்குதான்."

"வெளிய வந்த உடனே எல்லாம் மறந்துடுச்சு தோதோ."

எழுதி முடித்த பரீட்சையைக் கூட்டமாக நின்று மறுபடி எழுதுவதும் என் பழைய சொந்தக்காரர்களில் ஒருவர். அவரையும் அங்கேயே விட்டுவிட்டு ஆர்லினின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தேன். ஒரு வரிசை முழுக்க மூன்றாம் வட்டம். நான் மட்டும் இரண்டாவது. எனக்குப் பயமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. எலிசியோ இருந்திருந்தால் ஐஸ் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுக் கை தட்டியிருப்பார் என்றுதான் தோன்றியது.

ஜீப்னியில் ஊர்க்காரர்கள் நிறைந்திருந்தார்கள். எதுவும் பேச முடியவில்லை. இரவெல்லாம் விழித்தவள் என் தோளில் வாய் திறந்து தூங்கினாள்.

ஜெபம் நன்றாக நடந்தது. மனாங் லெத்தி எல்லோருக்கும் முன்னால் முழந்தாளிட்டு, எல்லோரையும் விடச் சத்தமாகச் சொன்னார். முடிந்ததும் வேலன்சியானா சோறு, பான்சித் நூடுல்ஸ், இலையில் சுற்றிய ஒட்டரிசி. யாராவது பாதித் தட்டில் எழுந்தால் அவர் கரண்டியோடு எதிரில் நின்றார்.

"எப்படிப் போச்சு?" என்று என்னிடம் கேட்டார், என் முகத்தைப் பார்க்காமல்.

"நல்லாப் போச்சு மனாங். ஒரு பென்சில் உடைஞ்சது."

"ஒண்ணுதானே? அப்ப சாத்தானுக்கு இன்னிக்கு வேற வேலை இருந்திருக்கு."

ஆர்லின் இரவுப் பணிக்குக் கிளம்ப வேண்டும். பொழுது சாய்ந்து பூங்கா விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. ஜீப்னி நிற்கும் இடம் வரை அவளோடு நடந்தேன். அண்டா, ஜெபம், ஊர், எதுவும் இல்லாத ஐந்து நிமிடம் அன்று அப்போதுதான் கிடைத்தது.

"ஏன் அப்படிப் பண்ணே?"

"அப்பா இருந்திருந்தா நீ பாஸ் பண்ணியிருப்பே. அப்பா இல்லை. அதனால நான்."

"உங்கப்பா எனக்கு ஒரு விடை கூடச் சொல்லித் தந்தது கிடையாது, இண்டாய் கண்ணு. கேள்வி கேப்பார். சிரிப்பார். அவ்வளவுதான்."

அவள் செருப்பால் ஒரு கல்லைத் தள்ளிக்கொண்டே நடந்தாள். "ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். நெத்தியில கையை வெச்சுக்கிட்டு வெயில்ல நிக்கற மாதிரி உட்கார்ந்திருந்தே. எனக்குச் சிரிப்பு வந்துச்சு. அப்புறம் அழுகை வந்துச்சு. அப்புறம் அந்தக் கட்டுரை வந்துச்சு."

"என்ன எழுதினே அதுல?"

"உண்மையா நடந்ததை எழுதச் சொன்னாங்க. எழுதினேன்."

நான் நின்றுவிட்டேன்.

"தாளை ஓரமா வெச்சேன்னு எழுதினேன்மா. எங்கம்மா ஒரு தடவை கூடப் பார்க்கலைன்னு எழுதினேன். என்ன செய்வீங்கன்னு கேட்டிருந்தாங்க இல்லையா? விதியை மீறினது நான், மீறாதது அம்மான்னு முடிச்சேன். உன் பேரைப் போடலை."

"என் பேரைப் போட வேணாம். உன் பேரு தாள் மேல இருக்கு. உனக்குப் பின்னாடி நாற்காலியில அதே குடும்பப் பேரு எத்தனை பேருக்கு இருந்துச்சு?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தனை வேகமாகப் படிப்பவளுக்கு அந்த ஒரு வரி அதுவரை எட்டவே இல்லை.

"உன் பேப்பரைத் தள்ளிடுவாங்களா?"

குழுவில் உட்கார்ந்திருந்தால் இதற்கு நூறு பதில் வைத்திருப்பேன். ஆகலாம், ஆகாமலும் போகலாம், கவலைப்படாதே, பேசிப் பார்க்கலாம். அவற்றில் ஒன்றையும் எடுக்கவில்லை.

"தள்ளலாம். அதுக்கு முன்னாடி கூப்பிட்டு விசாரிப்பாங்க. கூப்பிட்டா நான் போவேன். உன்னையும் கூட்டிட்டுப் போவேன்."

"நான் வந்து சொல்றேன். கடைசி வரைக்கும் நீ பார்க்கவே இல்லைன்னு சத்தியம் பண்றேன்."

"அதை மட்டும் சொல்லாதே."

"ஏன்?"

"பார்த்தேன். ஒரே ஒரு தடவை. பென்சில் உடைஞ்சப்போ."

ஜீப்னி ஓட்டுநர் நகரம், நகரம் என்று கூவிக்கொண்டிருந்தார். ஆர்லின் என்னையே பார்த்தாள்.

"எந்தக் கேள்வி?"

"வலை. நான் போட்டு முடிச்சாச்சு அப்பவே."

"நான் என்ன போட்டிருந்தேன்?"

"பங்கு."

"அதானே சரி? வலைக்கு ஒண்ணு, படகுக்கு ஒண்ணு..." நிறுத்தினாள். உதடுகள் அந்தத் தீவின் விதியை மெல்லச் சொல்லிப் பார்ப்பது தெரிந்தது. "முழுவதும்னு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"ஐயோ அம்மா." பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து முடியாமல் ஜீப்னியின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் நீர் வழிய வழிய. "உன்னைக் காப்பாத்த வந்து நான் உனக்குத் தப்பு விடையைக் காட்டியிருக்கேன்!"

"காட்டினே. நான் வாங்கிக்கலை."

"கூப்பிட்டா, பார்த்தேன்னு சொல்லிடுவியா?"

"பார்த்தியான்னு கேட்டா, பார்த்தேன்னு சொல்வேன். மாத்தினியான்னு கேட்டா, இல்லைன்னு சொல்வேன். கேட்டதுக்குப் பதில். அதுக்கு மேல நானா ஒண்ணும் சேர்க்க மாட்டேன்."

"அதுக்கப்புறமும் தள்ளிட்டா?"

"அதை அவங்க சொல்லட்டும். பரீட்சையை நான் நல்லா எழுதியிருக்கேன், ஆர்லின். அது எனக்குத் தெரியும்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏறினாள். கடைசி ஓரத்தில் உட்கார்ந்து, அடையாள அட்டைக் கயிற்றை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். நான் கீழே நின்றேன். வண்டி புறப்படும் வரை நிற்பதென்று நினைத்தேன்.

"இன்னும் ஒருத்தர்! ஒரே ஒருத்தர்!" என்று ஓட்டுநர் பூங்காவைப் பார்த்துக் கூவினார்.

இருக்கை நிரம்பாமல் கிம்பால் ஜீப்னி கிளம்பாது. அன்றும் கிளம்பவில்லை.